பயிர்ப் பகையும் பன்னாட்டு உறவும்

சென்னையிலிருந்து வடக்கே செல்லும் ரயில் வண்டி கும்மிடிப்பூண்டியைத் தாண்டி, ஆரம்பாக்கத்தையும் கடந்து, தடாவை நெருங்கும்போது நிலையப் பெயர்ப் பலகைகளில் தெலுங்கு எழுத்துத் தோன்றத் தொடங்குகிறது. அடுத்து வரும் பெரிய ஊர் சூளூர்பேட்டை. கல்கத்தாவுக்கும் தில்லிக்கும் நாகபுரிக்கும் பிழைப்பை நாடிச் செல்லும் தமிழர் பலர்க்கு, பிறந்த மாநிலத்தைப் பிரிந்துவிட்டோம் என்னும் உணர்வு முதன்முதலில் உண்டாகும் இடம் இதுவே. ஆயினும், காளங்கியாற்றின் கரையிலுள்ள அவ்வூரில் இன்றும் தமிழ் பேசும் குடும்பங்கள் வாழ்கின்றன. பழவேற்காட்டு ஏரி இரு மாநிலங்களுக்கும் பொதுவாகக் கிடக்கிறது. நெல் வயல்களும் எல்லைக்கோட்டின் இருமருங்கிலும் ஒன்றுபோலவே பசுமை காட்டுகின்றன.

1953ஆம் ஆண்டு வரை சூளூர்பேட்டை சென்னை இராச்சியத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனோடு சேர்ந்தது. 2022ஆம் ஆண்டில் புதிதாக அமைந்த திருப்பதி மாவட்டத்தின் பகுதியாயிற்று. மனிதர் வரைந்த கோடுகளை மனிதர் மாற்றிக்கொள்ளலாம். பயிரைத் தின்னும் பூச்சிக்கோ அந்தக் கோடும் தெரியாது, அது மாறிய செய்தியும் தெரியாது. காற்று அடித்த பக்கம் பறக்கிறது. கூடை போகும் ஊருக்குப் போகிறது. கப்பல் ஏறிக் கடலையும் கடக்கிறது. அதனைத் தடுக்க மனிதர்க்கு உள்ள முதற் கருவி மருந்துப் புட்டி அன்று. ஓரிடத்தில் கண்டதை மற்றோரிடத்தார்க்குக் காலத்தில் சொல்லும் நேர்மையே ஆகும். பூச்சி முந்துகிறதா, அதைப் பற்றிய செய்தி முந்துகிறதா என்னும் போட்டியின் வரலாற்றையே இக்கட்டுரையில் காண்போம்.

தமிழர் வாழ்வை நேரே தாக்கிய ஒரு பயிர் நோயிலிருந்து தொடங்குவது பொருத்தம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையின் மலைநாடு முழுவதும் காப்பித் தோட்டமாக இருந்தது. அத்தோட்டங்களில் உழைத்தவர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து சென்ற ஏழை மக்கள். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தவர்களுள் எத்தனையோ பேர் வழியிலேயே மாண்டனர். 1869ஆம் ஆண்டில் அத்தோட்டங்களில் காப்பி இலையின் அடிப்புறத்தில் மஞ்சட்பொடி தூவியது போன்ற துரு தோன்றியது. பேராதனைத் தாவரத் தோட்டத்தின் தலைவர் துவெயிட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பெர்க்லி என்னும் பூசண அறிஞர் அதே ஆண்டில் அதற்கு ‘ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்’ என்று பெயரிட்டார். அதாவது, நோய் தோன்றிய ஆண்டிலேயே அதன் பெயர் உலகத்துக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் பெயர் தெரிந்ததனால் பயன் என்ன? அச்செய்தியைக் கேட்டு நடக்க வேண்டிய ஏற்பாடு எந்த நாட்டிலும் இல்லை. துரு விரைவிலேயே தென்னிந்தியக் காப்பித் தோட்டங்களிலும் காணப்பட்டது. மார்ஷல் வார்டு என்னும் இளைஞர் 1880ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, வித்துத் தூள் காற்றில் பரவும் முறையை ஆராய்ந்து விளக்கியபோது காலம் கடந்துவிட்டது. இருபது ஆண்டுகளுக்குள் இலங்கைக் காப்பி வாணிகம் சரிந்து, அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. தோட்டங்கள் கைமாறின, கூலி நிலுவையாய் நின்றது, கடல் கடந்து சென்ற குடும்பங்கள் பல வெறுங்கையோடு நின்றன. இலைக்கடியில் இருந்த ஒரு மஞ்சள் புள்ளிக்கு உழைப்பாளி கொடுத்த விலை இது.

ஏறத்தாழ அதே காலத்தில் ஐரோப்பாவிலும் ஒரு பயிர்ப் பகை புகுந்தது. வட அமெரிக்காவிலிருந்து வந்த ‘பில்லாக்சிரா’ என்னும் நுண்ணிய பூச்சி பிரான்சு நாட்டுத் திராட்சைக் கொடிகளின் வேரை உறிஞ்சி அழித்தது. திராட்சையை நம்பிய நாடுகள் ஒன்றுகூடி, சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 1878ஆம் ஆண்டிலும் பின்னர் 1881ஆம் ஆண்டிலும் உடன்படிக்கை செய்துகொண்டன. பூச்சி கண்ட இடத்தை ஒருவர்க்கொருவர் அறிவிப்பது, கொடிகளும் நாற்றுகளும் எல்லை கடப்பதற்கு விதி வகுப்பது என்பன அதன் சாரம். பயிர்ப் பகையைப் பற்றிப் பல அரசாங்கங்கள் சேர்ந்து எழுதிக்கொண்ட முதல் ஒப்பந்தம் அதுவே.

இவற்றிற்கெல்லாம் முன்னரே, நம் சென்னையை மையமாகக் கொண்டு ஒரு விந்தையான நிகழ்ச்சி தொடங்கியிருந்தது. அக்காலத்தில் பட்டுக்கும் கம்பளிக்கும் உயர்ந்த சிவப்புச் சாயம் கொடுத்தது கொச்சினீல் என்னும் பூச்சி. மெக்சிகோ நாட்டில் கள்ளிச் செடியின்மேல் வளரும் அப்பூச்சியை ஸ்பெயின் அரசு தன் செல்வமாகக் காத்துவந்தது. அதனை இந்தியாவிலும் வளர்த்துவிட வேண்டுமென்று கும்பினியார் ஆசைப்பட்டனர். சென்னையில் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் 1786ஆம் ஆண்டு முதல் இதுபற்றி இலண்டனில் இருந்த சர் ஜோசப் பாங்க்ஸுக்குக் கடிதங்கள் எழுதினார். சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே அமைத்தார். 1795ஆம் ஆண்டில் நீல்சன் என்னும் கப்டன் பிரேசில் நாட்டிலிருந்து பூச்சிகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

வந்தது உயர்ந்த சாயப் பூச்சி அன்று; அதன் காட்டு உறவு. சாயம் சொற்பமே கிடைத்தது. ஆனால் அது ஒரு வகைச் சப்பாத்திக்கள்ளியை வேரற்றுப் போகுமளவுக்குத் தின்றது. சாயத்துக்காக வந்த பூச்சி களையைத் தீர்க்கும் என்பதைக் கண்ட அதிகாரிகள் 1836ஆம் ஆண்டை ஒட்டி அதனைத் தென்னாட்டுக்குக் கொண்டுவந்தனர். 1865ஆம் ஆண்டளவில் அது இலங்கைக்கும் அனுப்பப்பட்டது. களையை ஒழிப்பதற்கென்றே ஒரு பூச்சியை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு வேண்டுமென்றே அனுப்பிய முதல் நிகழ்ச்சி இதுவென்று அறிஞர் கூறுவர்.

எனினும் கதை அங்கே முடியவில்லை. வேறொரு வகைச் சப்பாத்திக்கள்ளி தென்னாட்டின் புன்செய்களையும் மேய்ச்சல் நிலங்களையும் மூடிக்கொண்டது. பழைய பூச்சி அதைத் தீண்டவே இல்லை. நம் பார்வைக்கு இரண்டும் கள்ளியே. பூச்சிக்கோ இரண்டும் வேறு. அந்த இரண்டாம் கள்ளிக்கு உரிய பகைப் பூச்சியை ஆஸ்திரேலியாவிலிருந்து இலங்கை பெற்றது. இலங்கையிலிருந்து 1926ஆம் ஆண்டில் இந்தியா பெற்றது. சில ஆண்டுகளுக்குள் முட்புதர் மண்டிய நிலங்கள் மறுபடியும் உழவுக்கும் மேய்ச்சலுக்கும் வந்தன. முன்பு நாம் இலங்கைக்குக் கொடுத்தோம்; பின்பு இலங்கை நமக்குக் கொடுத்தது. அயலார் கொடுத்த அறிவுக்கு நம் நிலம் பட்ட கடன் இது.

இதே வரலாற்றில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. தென்னாட்டில் நன்மை செய்த அந்தப் பூச்சியே 2014ஆம் ஆண்டில் மொராக்கோ நாட்டில் தோன்றியபோது, கள்ளிப் பழத்தையே பயிராக்கி வாழ்ந்த உழவர்களின் வேலிகளையும் தோட்டங்களையும் அழித்துவிட்டது. ஒரு பூச்சி நண்பனா பகைவனா என்பதை இடமே தீர்மானிக்கிறது. ஆகையால் நன்மை கருதிப் பூச்சியைக் கொண்டுவருபவரும், அண்டை நாட்டாரை அறியச் செய்து, ஆராய்ந்து, பின்னரே விடுவிக்க வேண்டும்.

இத்தகைய அனுபவங்களால் சட்டங்கள் பிறந்தன. கடல் வழி வரும் பகையைத் தடுக்க 1914ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் அழிவுப் பூச்சிகள் சட்டத்தை இயற்றியது. இன்று வெளிநாட்டு விதையும் கன்றும் நம் துறைமுகங்களிலும் விமான நிலையங்களிலும் சோதிக்கப்படுவது அதன் வழிவந்த ஆணைகளின்படியே ஆகும். ஆனால் உள்நாட்டில் ஒருவர் தோட்டத்துப் பூச்சி அடுத்தவர் தோட்டத்தை அழித்தால் என்ன செய்வது? இதற்கு வழி கண்டதில் முதலில் நின்றது சென்னை மாகாணம். 1919ஆம் ஆண்டில் அது இயற்றிய பயிர்ப் பூச்சி நோய்ச் சட்டம் இந்தியாவிலேயே அவ்வகையில் முதலாவது. பூச்சி பரவும் பகுதியை அறிவிக்கவும், நிலக்காரர் செய்ய வேண்டிய காரியங்களை விதிக்கவும், செய்யாவிடில் அதிகாரிகளே செய்து செலவை வாங்கவும் அது இடம் தந்தது. கோயம்புத்தூர்ப் பகுதியில் பருத்திப் பூச்சியை ஒடுக்க, பழைய செடிகளைக் குறித்த நாளுக்குள் வேரோடு பிடுங்க வேண்டுமென்று இச்சட்டத்தின் கீழேதான் ஆணை பிறந்தது.

அந்நாளில் கும்மிடிப்பூண்டிக்கும் சூளூர்பேட்டைக்கும் இச்சட்டம் ஒன்றே. 1953க்குப் பின் ஆந்திரத்தில் அது அம்மாநிலச் சட்டமாகத் தொடர்ந்தது. சட்டத்தின் வாசகம் இருபுறமும் ஒன்றாக இருந்தாலும் ஆணையிடும் அலுவலகங்கள் இரண்டாகிவிட்டன. ஆகவே, ஒரு மாநிலத்து வேளாண் அலுவலர் கண்டதை மறு மாநிலத்து அலுவலர் உடனே அறிய வேண்டும் என்னும் கடமை முன்னிலும் பெரிதாயிற்று. நாடுகளுக்கிடையே உள்ள பிரச்சினையும் இதுவே, அளவில்தான் வேறுபாடு.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்தப் பெரிய அளவிலும் ஓர் ஏற்பாடு உண்டாயிற்று. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனத்தின் மகாநாடு 1951ஆம் ஆண்டில் ரோமாபுரியில் சர்வதேசப் பயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கையை ஏற்றது. அது 1952ஆம் ஆண்டு ஏப்ரலில் அமலுக்கு வந்தது. இந்தியா அவ்வாண்டிலேயே சேர்ந்தது. ஆசியாவுக்கும் பசிபிக் பகுதிக்கும் உரிய வட்டார ஒப்பந்தம் 1956ஆம் ஆண்டில் ஏற்பட்டது. இன்று நூற்றெண்பதுக்கு மேற்பட்ட நாடுகள் ரோமாபுரி உடன்படிக்கையில் உறுப்பு வகிக்கின்றன. புதிய பூச்சி தோன்றினாலோ, பழைய பூச்சி பெருகினாலோ, புது இடத்துக்குப் பரவினாலோ அச்செய்தியை மறைக்காமல் பிற நாடுகளுக்கு அறிவிப்பது அவற்றின் கடமை.

சொல்வது எளிது, செய்வது கடினம். ஏனெனில் உண்மையைச் சொன்னவர்க்கே முதலில் நட்டம் வருகிறது. ‘எங்கள் நாட்டில் இந்தப் பூச்சி உண்டு’ என்று ஒரு நாடு அறிவித்தால், அதன் காய்கனிகளை மற்ற நாடுகள் வாங்க மறுக்கலாம். 2014ஆம் ஆண்டு மே மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியம், சரக்கில் பழ ஈ காணப்பட்டதைக் காரணமாகக் கூறி, இந்திய மாம்பழத்துக்கும் சில காய்கறிகளுக்கும் தடை விதித்தது. ஏற்றுமதிக்குமுன் பழங்களைப் பதப்படுத்திச் சோதிக்கும் முறை செம்மையாக்கப்பட்ட பின்னரே, 2015ஆம் ஆண்டு சனவரியில் மாம்பழத் தடை நீங்கியது. சித்தூர்ப் பகுதியில் மாந்தோப்பு வைத்திருப்பவர்க்கு இதன் பொருள் நன்றாகத் தெரியும். ஆயினும் மறைப்பதால் தடை தப்புவதில்லை; பூச்சியே அயல்நாட்டுத் துறைமுகத்தில் சாட்சி சொல்லிவிடுகிறது. முன்கூட்டிச் சொல்லி, செய்யும் பரிகாரத்தையும் உடன் சொல்பவனையே வணிகர் உலகம் மறுபடி நம்புகிறது.

செய்தி பிந்தினால் அடுத்து நடப்பது யாது? அச்சம் கொண்ட உழவர் கையில் கிடைத்த நஞ்சைத் தெளிக்கிறார். நஞ்சைக் கையாளுவதில் எவ்வளவு பொறுப்பு வேண்டும் என்பதை 1958ஆம் ஆண்டில் கேரளத்தில் நடந்த துயரம் காட்டிற்று. கப்பலில் உணவுப் பொருளோடு ஏற்றிவந்த பாரத்தியான் என்னும் பூச்சிமருந்து கோதுமையில் கலந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அத்துயரத்தின் பின் எழுந்த விசாரணைகளின் விளைவாகவே 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறந்தது. விற்பனையிலும் உபயோகத்திலும் பின்பற்ற வேண்டிய சர்வதேச ஒழுங்கு நெறியை உணவு விவசாய ஸ்தாபனம் 1985ஆம் ஆண்டில் வெளியிட்டது. பூச்சியை ஒடுக்க முதலில் பயிர் முறையையும் இயற்கைப் பகைவரையும் நம்புக. நஞ்சைக் கடைசியில், அளவோடு, தேவையான இடத்தில் மட்டும் எடுக்க என்பது இன்றைய வேளாண் அறிஞரின் பொதுக் கொள்கை.

இக்கொள்கையின் மெய்ம்மையைத் தமிழ்நாடு அண்மைக் காலத்தில் தன் கண்ணாலேயே கண்டது. 2008ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் பப்பாளி மரங்கள் மாவு பூசியது போல வெளுத்தன. விரைவில் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளில் மல்பெரியும் மரவள்ளியும் பருத்தியும் அவ்வாறே ஆயின. தமிழர் இதனை மாவுப்பூச்சி என்றனர். தெலுங்கர் பிண்டி நல்லி என்கின்றனர். கன்னடர் ஹிட்டு திகணே என்கின்றனர். மூன்று மொழியிலும் பொருள் ஒன்றே, மாவு. மக்கள் கண் எவ்வளவு ஒத்துப் பார்க்கிறது! ஆனால் மாவு பூசிய பூச்சிகள் பல இனம். அவற்றுள் இது எது என்று அறிந்தாலன்றி அதன் பகைவனை அறிய முடியாது. கள்ளிப் பூச்சியின் வரலாறு கற்பித்த பாடமும் இதுதானே?

இது மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட ‘பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ்’ என்று துணியப்பட்டது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பணியாற்றிய பூச்சியியல் அறிஞர் இரங்கசாமி முனியப்பனும் அவருடன் உழைத்தவர்களும் 2008ஆம் ஆண்டிலேயே, இந்தோனேசியாவிலும் இந்தியாவிலும் இப்பூச்சி வந்துவிட்டதை ஒரே கட்டுரையில் உலகுக்கு அறிவித்தனர். அவ்வாண்டில் இலங்கையிலும் அது காணப்பட்டது. பெயர் தெரிந்தவுடன் வழியும் தெரிந்தது. கரிபியக் கடல் தீவுகளில் இதே பூச்சியை ஒடுக்கிய ஒட்டுண்ணிக் குளவிகள் போர்ட்டோ ரிக்கோ தீவிலுள்ள அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்டு வந்தன.

இதற்கிடையில் நம் உழவர் பட்ட பாடு சிறிதன்று. பூச்சியின் உடலை மூடிய மெழுகு மருந்தை உள்ளே விடவில்லை. மருந்தால் மாண்டவை பெரும்பாலும் அப்பூச்சியைத் தின்னும் நல்ல வண்டுகளும் குளவிகளுமே. பட்டுப் புழு வளர்ப்போர் நிலை இன்னும் இடர்ப்பட்டது; இலையில் நஞ்சு தெளித்தால் புழு மடியும், தெளிக்காவிட்டால் இலையே இல்லை. மல்பெரித் தோட்டங்களைப் பிடுங்கி எறிந்தவர்களும் உண்டு.

2010ஆம் ஆண்டில் பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சிப் பணியகம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளைத் தருவித்தது. வேறு நல்ல பூச்சிகளுக்கு அவை ஊறு செய்யாவென்று காப்புக் கூடத்தில் ஆராய்ந்தபின் அவை கோயம்புத்தூர்த் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கும் பிற நிலையங்களுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டன. அவற்றுள் ‘அசிரோபேகஸ் பப்பாயே’ என்னும் குளவி, கடுகினும் சிறியது, மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதனை உள்ளிருந்தே அழித்தது. சில மாதங்களில் தோட்டங்கள் பழைய நிறம் பெற்றன. புட்டி புட்டியாக நஞ்சு செய்ய இயலாததை, பெயர் தெரியாத ஊரிலிருந்து வந்த கண்ணுக்குத் தெரியாத விருந்தாளி செய்து முடித்தது. அதனை இங்கே வரவழைத்தது எது? ஒரு நாட்டார் ஒளியாமல் எழுதிய அறிக்கையும், மற்றொரு நாட்டார் ஒளியாமல் பகிர்ந்த அறிவுமே.

ஆனால் எல்லாப் பூச்சியும் அவ்வளவு அவகாசம் தருவதில்லை. அமெரிக்கப் படைப்புழு 2016ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவில் தோன்றியது; 2018ஆம் ஆண்டில் கருநாடகத்துச் சிவமொக்கா மாவட்டத்து மக்காச்சோளத்தில் காணப்பட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் ஆந்திரம், தமிழ்நாடு, இலங்கை ஆகிய இடங்களிலும் பரவிவிட்டது. அந்துப்பூச்சி ஓரிரவில் பல காத தூரம் பறக்க வல்லது. அலுவலகக் காகிதம் மேசை விட்டு மேசை போகும் வேகத்தில் நாம் அறிவித்துக்கொண்டிருந்தால் அதனை எங்ஙனம் முந்துவது?

சூளூர்பேட்டைக்கு மிக அருகே ஸ்ரீஹரிகோட்டை இருக்கிறது. 1971ஆம் ஆண்டு முதல் அங்கிருந்து ராக்கெட்டுகள் எழுகின்றன. அங்கிருந்து ஏவிய செயற்கைக் கோள்கள் நாட்டின் பயிர்ப் பரப்பை வானிலிருந்து அளக்கின்றன. பாலைவனத்தில் வெட்டுக்கிளி பெருகக்கூடிய பசுமையையும் செயற்கைக் கோளின் கண் காட்டிக்கொடுக்கிறது. ஆயினும் இலைக்கடியில் ஒட்டிய மாவுப்பூச்சியை அந்தக் கண் காணாது. குனிந்து இலையைத் திருப்பிப் பார்க்கும் உழவர் கையே அதனை முதலில் காண்கிறது. உலக ஒப்பந்தங்கள் எல்லாம் அந்தக் கையில்தான் தொடங்குகின்றன.

வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்க்கு இதில் ஒரு தனிப் பங்கு உண்டு. ஊருக்குச் சென்று திரும்பும்போது நாம் வெறுங்கையோடு வருவதில்லை. கறிவேப்பிலைக் கன்று, மல்லிகைப் பதியன், சொந்தத் தோட்டத்து வாழைக் கன்று என்று ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவருகிறோம். அது ஊரின் நினைவு. தவறென்று யார் சொல்வார்? ஆனால் வாழையைக் குட்டையாக்கி முடிக்கொத்தாக்கும் நோய் இலங்கையிலிருந்து 1940ஆம் ஆண்டையொட்டிக் கேரளத்துக்கு வந்து, கன்றோடு கன்றாகவே தென்னாடெங்கும் பரவியது. உதகையில் 1961ஆம் ஆண்டில் ஜோன்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் உருளைக்கிழங்கின் வேரில் கண்டுபிடித்த பொன்னிற நூற்புழு, மண்ணோடு மண்ணாகப் பயணம் செய்யக்கூடியது. அதனால் நீலகிரி விதைக்கிழங்கு வெளியே போவதற்கு அரசாங்கம் தடை விதித்தது. நோயுள்ள செடி நோயுள்ளதாகத் தோன்றாது என்பதே இங்குள்ள இடர். ஆகவே கன்று வேண்டுமெனில் நம்பிக்கையான நாற்றங்காலில் வாங்குவோம். மண் ஒட்டிய வேரை எல்லை கடத்தாதிருப்போம். வெளிநாட்டிலிருந்து வருபவர் விதையையும் செடியையும் விமான நிலையத்தில் மறையாது காட்டுவோம்.

குடியிருக்கும் இடத்தில் இதுவரை காணாத பூச்சியைக் கண்டால் அதன் படத்தோடு அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்குத் தெரிவிக்கலாம். உழவர்க்காக 2004ஆம் ஆண்டில் தொடங்கிய கிசான் அழைப்பு மையத்தை 1800-180-1551 என்னும் கட்டணமில்லாத எண்ணில் அழைக்கலாம். அலுவலருக்குத் தொல்லை தருகிறோமோ என்று தயங்க வேண்டுவதில்லை. இலங்கைக் காப்பித் தோட்டத்தில் 1869ஆம் ஆண்டில் பெயர் இருந்தது, அதைக் கேட்க ஆள் இல்லை. இன்று கேட்கும் ஆட்கள் இருக்கின்றனர். சொல்ல வேண்டியவர் நாம். பூச்சி புறப்படுமுன் செய்தி புறப்பட்டால், எல்லையின் இருபுறத்து வயல்களும் பிழைக்கும்.